கோரை முடியில் சுருள் நிற்கும்

"உங்க முடி ரொம்ப ஸ்ட்ரெய்ட் மேடம். பெர்ம் போட்டாலும் நிக்காது, ரெண்டே வாரத்துல வழிஞ்சு வந்துரும்." பெர்ம் வேண்டும் என்று அழகு நிலையத்துக்குள் நுழையும் கோரை முடிக்காரிக்குக் கிடைக்கும் முதல் தீர்ப்பு இது. சொல்கிறவர் ஒரு கொத்து முடியை அள்ளி விரலிடுக்கில் வழுக்கவிட்டுக் காட்டுவார், சாட்சியம் அவ்வளவுதான். பக்கத்து நாற்காலியில் ஆயிரக்கணக்கில் கொடுத்து முடியை நேராக்கிக்கொண்டிருப்பவர், "இருக்கிறவங்களுக்கு அருமை தெரியலை" என்பார். வீட்டில் அத்தை காத்திருப்பார்: "கோரையா அழகா விழுற முடியை ஏண்டி கெடுத்துக்கணும்?" நிற்காது, கெட்டுவிடும், தேவையில்லை. முடிவு எடுத்தாயிற்று, வழக்கு மட்டும் விசாரிக்கப்படவே இல்லை.

முதல் குற்றச்சாட்டுதான் பெரியது. மற்ற இரண்டும் அதன் முதுகில் ஏறி வருபவை. ஆகவே அதிலிருந்து தொடங்குவோம்.

மிக நேரான, தடித்த முடிக்குப் பெர்ம் பிடிக்காது என்பது உண்மையானால், கிழக்காசியாவில் அந்தத் தொழிலே இருந்திருக்கக் கூடாது. கொரியா, ஜப்பான், சீனா ஆகிய மூன்று நாடுகளிலும் பெரும்பாலோருக்கு உலகத்திலேயே மிக நேரான முடி. பெர்ம் ஊறிப்போன நாடுகளும் அவைதாம். கொரியாவில் நடுவயதைத் தாண்டிய பெண்களின் குட்டைச் சுருள் முடிக்கு 'அஜும்மா பெர்ம்' என்றே பெயர். 'ரிப்ளை 1988' தொடரைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தெருவின் அம்மாக்களை நினைவிருக்கும். 2009இல் 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' தொடரில் லீ மின்-ஹோ நட்சத்திரமானது நெற்றியில் விழுந்த சுருள்களோடுதான். அந்தத் தொடர்களைப் பார்த்துவிட்டு, கைப்பேசியில் படத்தைக் காட்டி, "இது மாதிரி வேணும்" என்று கேட்கும் நம் ஊர்ப் பெண்ணிடம், "அவங்க முடி வேற, உங்க முடி வேற" என்கிறார்கள். வேறுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுடையது நம்முடையதைவிட நேரானது.

இதைவிடப் பழைய சாட்சியம் ஒன்று உண்டு. 1937இல் சீனாவோடு போர் தொடங்கியதும் ஜப்பானிய அரசு மக்களைச் சிக்கனத்துக்குத் திருப்பும் பிரச்சாரத்தில் இறங்கியது. அதில் குறிவைக்கப்பட்ட ஆடம்பரங்களில் ஒன்று பெர்ம். பெர்மை விட்டுவிடுவோம் என்று முழக்கம் எழுதி ஒட்டினார்கள். பெர்ம் போட்ட பெண்ணைத் தெருவில் கண்டால் பிள்ளைகள் கேலிப் பாட்டுப் பாடினார்கள். போர் நீள நீள மின்சாரத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. பெண்கள் என்ன செய்தார்கள்? கடைக்காரர்கள் மின்சாரத்துக்குப் பதிலாகக் கரியில் கிளிப்புகளைச் சூடாக்கும் முறைக்கு மாறினார்கள். வாடிக்கையாளர்கள் தட்டுப்பாட்டுக் காலத்தில் வீட்டில் மிச்சம்பிடித்த அடுப்புக்கரியைக் கையோடு எடுத்துப்போய் வரிசையில் நின்றார்கள். இரண்டே வாரத்தில் வழிந்துவிடும் ஒன்றுக்காக எந்தப் பெண்ணாவது சமையல் கரியைக் கொண்டுபோய்க் கொடுப்பாளா? நிற்காத ஒன்றை ஒழிக்க அரசாங்கம்தான் எதற்கு மெனக்கெட வேண்டும்?

சீனாவிலும் இதே கதைதான், கொடி மட்டும் மாறியது. 1930களின் ஷாங்காய் நாட்காட்டிப் படங்களில் சிபாவோ என்ற உடை அணிந்த பெண்களின் தலையில் அலை அலையாகப் பெர்ம். 1934இல் சியாங் கை-ஷேக் தொடங்கிய புதுவாழ்வு இயக்கத்துக்கு அது பிடிக்கவில்லை. 1966க்குப் பிறகு கலாச்சாரப் புரட்சியின் செங்காவலர்கள் கத்தரிக்கோலோடு தெருவில் இறங்கியபோது பெர்ம் தலைகளும் தப்பவில்லை. வலதுக்கும் இடதுக்கும் பொதுவான எதிரியாக இருக்கும் பாக்கியம் ஒரு சிகையலங்காரத்துக்குக் கிடைத்திருக்கிறது என்றால், அது தலையில் கொஞ்ச காலமாவது நின்றிருக்க வேண்டும் அல்லவா?

அப்படியிருக்க, 'நிற்காது' என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் கர்லர் கம்பியிலிருந்து. கோரை முடிக்காரிகள் எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு. கல்யாண வரவேற்புக்காகச் சூடான கம்பியில் சுற்றிச் சுருட்டி, ஸ்ப்ரே அடித்து விடுவார்கள். மண்டபத்துக்குப் போய் மேடையேறுவதற்குள் பாதி அவிழ்ந்திருக்கும். பந்தி முடியும்போது பழைய கோரை திரும்பியிருக்கும். கம்பியின் சூட்டுக்கே அடங்காத முடி ஒரு திரவத்துக்கு அடங்குமா என்று யாருக்கும் தோன்றும். கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் இரண்டும் முடிக்குள் தொடுகிற இடங்கள் வெவ்வேறு.

முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதச் சங்கிலிகளைப் பக்கவாட்டில் பிடித்து வைத்திருப்பவற்றில் இரண்டு வகை நமக்கு முக்கியம். ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பு. எண்ணிக்கையில் ஏராளம், பலத்தில் சொற்பம். தண்ணீர் பட்டாலே விடும், காய்ந்தால் மறுபடி பிடிக்கும். கர்லர் கம்பி, அயர்ன், இரவில் பின்னிப் படுத்துக் காலையில் அவிழ்ப்பது எல்லாம் இந்த வகையோடுதான் விளையாடுகின்றன. அதனால்தான் சென்னையின் ஈரக்காற்று ஒன்றே அந்தச் சுருளைக் கலைத்துவிடப் போதுமானதாக இருக்கிறது. இன்னொன்று டைசல்ஃபைட் பிணைப்பு: இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்பது. முடி கருகும்போது வரும் நாற்றத்தில் அந்தக் கந்தகம் இருக்கிறது. தண்ணீரோ, கம்பியின் சாதாரணச் சூடோ இதை அவிழ்க்காது. முடிக்கு அதன் நிலையான உருவத்தைக் காத்துக்கொடுப்பதில் இதற்குத்தான் பெரும் பங்கு.

பெர்ம் திரவம் கைவைப்பது இந்த இரண்டாவது வகையில். அமோனியம் தையோகிளைகோலேட் கந்தகக் கைகளில் ஒரு பகுதியை விடுவிக்கிறது. ராடு என்ற சிறு உருளையில் முடி சுற்றப்பட்ட நிலையில் சங்கிலிகள் நழுவிப் புது இடத்தில் அமர்கின்றன. பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடோ சோடியம் புரோமேட்டோ ஊற்றி, அந்தப் புது இடத்திலேயே கைகளைக் கோத்துவிடுகிறார்கள். கோத்தபின் தண்ணீர் ஊற்றினாலும் அவிழாது. 1930களில் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்ட்பரி, ஸ்பீக்மன் போன்றவர்கள் கம்பளி இழையை வைத்து இந்தக் கணக்கைத் தெளிவாக்கினார்கள். அதே பத்தாண்டின் முடிவில் சூடில்லாத 'கோல்ட் வேவ்' அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. கம்பி தோற்ற இடத்தில் திரவம் ஜெயிப்பதில் மந்திரம் எதுவும் இல்லை. கம்பியில் சுருள் நிற்காதது உங்கள் முடி தண்ணீருக்கு நெகிழ்கிறது என்பதற்குச் சாட்சி, பெர்முக்குப் பணியாது என்பதற்கு அல்ல.

இன்னொன்றும் யோசிக்கலாம். பெர்ம் எந்திரம் யாருக்காகப் பிறந்தது? ஜெர்மனியின் டோட்னாவ் ஊரில் பிறந்த கார்ல் நெஸ்லர் 1905இல் லண்டனில் தன் முறையை மற்ற முடிதிருத்துநர்களுக்குச் செய்துகாட்டினார். தலைக்கு மேலே தொங்கும் பித்தளை உருளைகள், அவற்றின் பாரத்தைத் தாங்க எதிர் எடைகள், காரக் கரைசல், மணிக்கணக்கில் உட்காரும் பொறுமை. அதற்கு முந்தைய சோதனைகளில் மனைவி காத்தரீனாவின் முடி கருகியதும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. முன்னோடிகளின் மனைவிகளுக்கும் ஒரு சிலை வைக்கலாம். அவ்வளவு சித்திரவதையும் சுருள் இல்லாதவருக்குச் சுருள் தரத்தான். இயற்கையிலேயே சுருண்ட முடிக்காரி அந்த உருளைகளுக்கு அடியில் தலையைக் கொடுப்பதற்கு என்ன தலையெழுத்து? பெர்ம் என்ற தொழில்நுட்பத்தின் சொந்த வாடிக்கையாளரே நேர்முடிக்காரர்தான். அவரைப் பார்த்து, 'இது உங்களுக்கு ஆகாது' என்பது, பசித்தவரைப் பார்த்துச் சோறு உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்பது போல.

எதிர்த்தரப்பிலும் ஓர் உண்மை இருக்கிறது, அதையும் மூடி மறைக்க வேண்டியதில்லை. கோரை முடி பிடிவாதக்காரி. குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக, தடிமனாக இருக்கும். மேற்புறச் செதில்கள் இறுக்கமாகப் படிந்திருக்கும்; திரவம் உள்ளே போக நேரமெடுக்கும். ஆனால் இதிலிருந்து வர வேண்டிய முடிவு 'செய்யாதே' என்பதல்ல, 'தெரிந்து செய்' என்பது. பெரும்பாலான கடைகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. அந்தச் சறுக்கலின் பழி முடியின் மேல் விழுகிறது.

முதல் சறுக்கல் ராடின் அளவில். வாடிக்கையாளர் காட்டும் படத்தில் கடற்கரைக் காற்றில் கலைந்தது போன்ற பெரிய அலை. கடைக்காரரும் அந்த அலையின் அளவுக்கே தடித்த ராடை எடுத்துச் சுற்றுகிறார். நேரான கனத்த முடி ராடின் அளவை அப்படியே தராது. அவிழ்த்ததும் ஓரளவு தளரும். வேண்டிய அலையைவிடச் சிறிய ராடில் சுற்றினால்தான் தளர்ந்தபின் வேண்டிய அலை வரும். நீளமும் சேர்ந்தால் இன்னும் மோசம். இடுப்புவரை தொங்கும் முடியின் பாரமே மேற்பகுதிச் சுருளை இழுத்து நீட்டிவிடும். தோளளவுக்கு வெட்டாமல், அடுக்கு வெட்டும் இல்லாமல் பெர்ம் போட்டுவிட்டு, 'மேலே நிக்கலை, கீழே மட்டும் இருக்கு' என்றால் அது புவியீர்ப்பின் குற்றம். போடுவதற்கு முன்பே அதைச் சொல்லாதது கடையின் குற்றம்.

இரண்டாவது, பார்க்காமல் செய்வது. திரவம் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதைக் கடிகாரமோ பாட்டிலின் லேபிளோ முழுவதும் சொல்லிவிட முடியாது. இடையிடையே ஒரு ராடை ஒன்றரைச் சுற்று அவிழ்த்து, முடியைத் தலைப்பக்கம் லேசாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். தெளிவான எஸ் வடிவம் விழுந்தால் ஆயிற்று. விழவில்லையா, இன்னும் சில நிமிடம். உச்சியில் ஒன்று, பிடரியில் ஒன்று, காதோரம் ஒன்று என்று பார்ப்பார்கள், வேலை தெரிந்தவர்கள். பார்க்காதவர்கள் இரண்டில் ஒரு பக்கம் விழுகிறார்கள். சீக்கிரம் கழுவிவிட்டால் சுருளே பிறக்காது. கோரை முடியாயிற்றே என்று பயந்து ஊறவிட்டாலோ, முடி உள்ளே நைந்து துள்ளல் இழந்து ஈரத்தில் நூலாகத் தொங்கும், காய்ந்தால் பஞ்சாகப் பறக்கும். இரண்டையுமே 'நிற்கவில்லை' என்ற ஒரே பெயரில் எழுதிக்கொள்கிறார்கள். இரண்டாவது தலைக்கும், 'இன்னொரு தடவை ஸ்ட்ராங்கா போட்டுடலாம்' என்று மருந்து சொல்கிறார்கள் பாருங்கள், அதற்குத்தான் எனக்குக் கோபம் வரும். நைந்த முடிக்கு இன்னொரு பெர்ம் என்றால் கத்தரிக்கோலுக்கு முன்பதிவு செய்தாயிற்று என்று பொருள்.

மூன்றாவதுதான் அந்த 'இரண்டே வார'த்தின் ரகசியம். முதல் திரவத்தை அலசியபின் ராடோடு இருக்கும் முடியைத் துண்டால் ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும். பிறகு கந்தகக் கைகளைக் கோக்கும் திரவமான நியூட்ரலைசரை ஒவ்வொரு ராடும் முழுக்க நனையுமாறு ஊற்றி, சொன்ன நேரம் விட வேண்டும். கொரிய, ஜப்பானியக் கடைகளில் சோடியம் புரோமேட்டை இரண்டு முறையாக ஊற்றிக் காத்திருப்பது வழக்கம், ஏனென்றால் அது நிதானமாக வேலை செய்வது. வாடிக்கையாளர் மூன்று மணிநேரமாக உட்கார்ந்து கழுத்து வலிக்கிறது என்கிறார். வாசலில் அடுத்த ஆள். இந்தக் கடைசிக் கட்டத்தில் அவசரம் நுழைந்துவிடும். சொட்டச் சொட்ட ஈரமான ராடில் ஊற்றினால் திரவம் நீர்த்துப்போகும். விடுபட்ட கந்தகக் கைகளில் பல கோக்கப்படாமலே வீட்டுக்குப் போகும். முதல் நாள் எல்லாம் ஜோர். இரண்டு குளியல் தாண்டியதும் சுருள் தளரும், முடியும் பலவீனமாகியிருக்கும். 'உங்க முடி ஸ்ட்ரெய்ட் மேடம்' என்பார்கள் அப்போதும்.

தடித்த நேர்முடிக்கென்றே ஜப்பானில் வளர்ந்து, கொரியா வழியாகப் பரவிய வழி ஒன்று உண்டு: டிஜிட்டல் பெர்ம். திரவத்தை வைத்து அலசியபின், மின்கம்பி இணைத்த ராடுகளில் சுற்றிக் கட்டுப்படுத்திய சூடு கொடுப்பார்கள். நெஸ்லரின் தொங்கும் உருளைகள் நூறு ஆண்டு கழித்துத் தெர்மோஸ்டாட்டோடு திரும்பி வந்த மாதிரி இருக்கும். சாதாரண பெர்ம் ஈரத்தில் இறுகி, காய்ந்தால் தளரும். டிஜிட்டல் பெர்ம் நேர்மாறு: தலை நனைந்திருக்கும்போது அலை மங்கும், விரலால் சுற்றிக்கொண்டே காயவிட்டால் எழும்பும். இது தெரியாமல் குளியலறைக் கண்ணாடியில் ஈரத் தலையைப் பார்த்துவிட்டு, போச்சு பணம் என்று அழுதவர்கள் உண்டு. எதை எதிர்பார்க்க வேண்டும் என்று ஒரு வாக்கியம் யாராவது சொல்லியிருந்தால் போதும்.

அடுத்து அத்தையின் கட்சி: முடி கெட்டுவிடும். ஆம், பெர்ம் முடியை ஓரளவு பலவீனப்படுத்தும். இல்லை என்று சொல்கிறவர் பாட்டில் விற்பவராகத்தான் இருப்பார். ஆனால் இந்த அறிவுரை யாரிடமிருந்து வருகிறது? அதே கடையின் சுவரில் ரீபாண்டிங், ஸ்மூத்தனிங், கெரட்டின் என்று விலைப்பட்டியல் தொங்குகிறது. ரீபாண்டிங்கில் வைப்பதும் பெரும்பாலும் அதே தையோகிளைகோலேட்தான். அதே கந்தகக் கைகளை அவிழ்த்து, ராடில் சுற்றுவதற்குப் பதிலாகப் பழுக்கக் காய்ந்த தட்டைக் கம்பியில் வேர் முதல் நுனிவரை அழுத்தி இழுத்து, அதே நியூட்ரலைசரால் கோக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் சூட்டின் சேதம் அங்கே கூடுதல். 'கெரட்டின்' என்ற பெயரில் விற்கப்படும் சில சரக்குகளில் சூடு பட்டால் ஃபார்மால்டிஹைட் வெளியாகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் தரும் பொருளாகவே வகைப்படுத்தியிருக்கிறது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலச் சரக்குகளால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இஸ்ரேலிலும் பிரான்சிலும் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். இவற்றையெல்லாம் சிரித்த முகத்தோடு விற்கும் இடத்தில், சுருட்டுவதற்குக் கேட்டால் மட்டும் திடீரென்று முடியின் ஆரோக்கியம் நினைவுக்கு வருகிறது.

உண்மையாகவே பெர்ம் கூடாத தலைகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் கடைகளில் கேள்வியே வருவதில்லை. ப்ளீச் செய்து நிறம் ஏற்றிய முடி, அது கோரையோ சுருட்டையோ, பெர்மைத் தாங்காது. உலோக உப்பு கலந்த சாயம் ஏறிய முடியில் பெராக்சைடு பட்டால் சூடேறி முடியே அறுந்து போகலாம். மருதாணிப் பொடி என்று வாங்கிப் பூசுவதில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது அட்டையில் முழுதாக இருப்பதில்லை; ஆகவே மருதாணி போட்டவர் மறைக்காமல் சொல்ல வேண்டும், கடைக்காரர் ஒரு சிறு கொத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். பெர்முக்கு முந்தின நாள் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ ஊற வைத்து வந்தாலும் திரவம் சீராக இறங்காது. தலையில் புண், சொறி இருந்தால் அன்று வேண்டாம். 'முடி ஸ்ட்ரெய்டா இருக்கே' என்பது இந்தத் தடைகளில் எதிலும் சேராது.

மிச்சமிருப்பது 'எதற்கு?' என்ற கேள்வி. இயற்கை தந்ததை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கிறார்கள். சுருட்டை முடியோடு பிறந்த பெண்ணிடம் இதே நாட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. அவளைப் பள்ளிப் பருவத்திலேயே நூடுல்ஸ் என்றும் சாய்பாபா என்றும் கூப்பிட்டு, சீப்பு உடையும் என்று சிரித்து, பெண் பார்க்க வருவதற்கு முன் ஸ்ட்ரெய்ட்னிங் செய்துகொள்ளச் சொல்வார்கள். அவளுக்கு இயற்கை ஒரு குறை, கோரை முடிக்காரிக்கு இயற்கை ஒரு கடமை. இரண்டு பேருக்கும் போய்ச் சேர வேண்டிய ஊர் ஒன்றே என்று வைத்திருக்கிறார்கள்: விளம்பரத்தில் வரும் வழுக்கும் நேர்முடி. பிறந்தபோதே அந்த ஊரில் இருப்பவள் வெளியே நடந்தால் பொறுக்கவில்லை.

வெளியே நடக்க அவளுக்குக் காரணங்கள் இருக்கின்றன, ஆசை ஒன்றே போதுமான காரணம் என்றாலும். நேரான முடி தலையோடு படிந்து கிடக்கும். வேரில் சுரக்கும் எண்ணெய் தடையில்லாமல் இறங்கி, காலையில் குளித்த தலை மாலையில் பிசுபிசுக்கும். வயது ஏறி அடர்த்தி குறையும்போது வகிட்டில் மண்டை தெரிவதும் நேர்முடியில்தான் சீக்கிரம். அஜும்மா பெர்மைக் கேலி செய்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. மீன் சந்தையிலும் உணவுக்கடையிலும் நாளெல்லாம் நின்று உழைத்த பெண்கள், ஒருமுறை இறுக்கிச் சுருட்டிவிட்டால் மாதக்கணக்கில் சீப்பே எடுக்க வேண்டாம், காசும் மிச்சம், உச்சியில் அடர்த்தி குறைந்திருப்பதும் தெரியாது என்று கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த அலங்காரம் அது. இளமையைத் துறந்ததன் அடையாளம் என்று அதை எழுதியவர்கள் தாங்களாகத் தலை உலர்த்தி வாரிப் பழகாதவர்களாக இருக்க வேண்டும்.

வேரில் நேர்முடி வளரத்தான் செய்யும், மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக. மயிர்க்கால் எந்தத் திரவத்துக்கும் மசியாது. ஆறு மாதம் கழித்து நெற்றிக்கு மேல் நான்கு விரல் அளவுக்குக் கோரையும் அதற்குக் கீழே சுருளும் இருக்கும். கொரியாவில் அந்த வேர்ப்பகுதிக்கு மட்டும் தனியே பெர்ம் போட்டு மேலே தூக்கிவிடுகிறார்கள், இல்லையென்றால் கீழ்ப்பாதியை வெட்டிவிடலாம். ரீபாண்டிங் செய்துகொண்ட சுருட்டை முடிக்காரிக்கும் இதே எல்லைக்கோடு தலையில் தெரியும். அவளிடம் யாரும், 'பாத்தியா, நிக்கலை' என்று சொல்லக் காணோம். டச்சப்புக்குத் தேதி எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

நம் ஊர்க் கடைகள் பெர்மைத் தட்டிக்கழிப்பதற்குக் கணக்கும் ஒரு காரணம். ஒரு தலைக்கு அரை நாள், இரண்டு ஜோடிக் கைகள், தப்பினால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற பயம். அதே நேரத்தில் ஸ்மூத்தனிங் செய்தால் வருமானம் அதிகம், பழகிய வேலையும்கூட. தெரியாத வேலையை, 'எனக்குப் பழக்கமில்லை' என்று சொல்லிவிட்டால் அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. நாம் வேறு கடை தேடிப் போவோம். ஆகவே அடுத்த முறை, 'உங்க முடிக்கு நிக்காது' என்று யாராவது சொன்னால், ராடுப் பெட்டியை ஒரு நிமிடம் காட்டச் சொல்லுங்கள். அளவுக்கொரு நிறமாக வரிசையாக இருக்க வேண்டும், ரப்பர் பட்டைகள் இழுபட்டுத் தளர்ந்திருக்க வேண்டும், நுனித்தாள் கட்டு பாதி தீர்ந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை பிரிக்காத பெட்டி வந்தால் நிற்காதது எது என்று விளங்கிவிடும்.